கடைசிக்கு முந்தையது

படிவத்தின் நான்காம் கேள்வி:
கடைசியாகக் குடித்தது எப்போது?

எலாடியோ பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
"கடைசி என்று போட்டிருக்கிறதே" என்றார்.
"கலீசியாவின் இந்தக் கழிமுகம் முழுக்க
எந்த மதுக்கடையிலும்
எவனும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை.
கிளம்பும்போது கேட்கிற கோப்பைக்குப் பெயர்
கடைசிக்கு முந்தையது.
கடைசி என்பது
நாலு பேர் தோளில் ஏறிய பிறகு."

எனக்கும் தெரியும். நானும் இந்த ஊர்தான்.
என் அப்பா பதினோரு வருடம்
கடைசிக்கு முந்தையதையே குடித்துக்கொண்டிருந்தார்.
அதைச் சொல்லவில்லை.
ஆலோசகர் நாற்காலியில் உட்காருகிறவளுக்கு
அப்பா கிடையாது,
பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை
அவருக்கு முன்னால் அவர் வாடை படியேறி வந்தது.
விதி சுவரில் ஒட்டியிருக்கிறது, என் கையெழுத்தில்:
குடித்துவிட்டு வருபவர்களோடு பேசுவதில்லை.
இன்னொரு நாள் வாருங்கள் என்றேன்.
சரி என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.
கதவை அவ்வளவு மெதுவாகச் சாத்தினார்,
திட்டியிருந்தால் தேவலை.

மழைக்கு எழுபது பெயர் வைத்திருப்பதாக
நாங்கள் பீற்றிக்கொள்வோம்.
அன்று பெய்தது பெயரில்லாத ஒன்று.
ஜன்னலுக்கு அப்பால், பஸ் நிறுத்தத்தில், அவர்.
பத்தரை பஸ் வந்தது, போனது.

உஷீயா மெத்தடோனை விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.
மகனைப் பார்க்க நீதிமன்றம்
இரண்டு மணி நேரம் தந்திருக்கிறதாம்,
என்ன சட்டை போட்டுக்கொண்டு போகட்டும்?
முழுக்கை, என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
அவள் சிரித்தாள். பிறகு நானும்.
ஷியான் வரவில்லை.
இனி வரமாட்டான் என்று அவன் அம்மா போனில் சொன்னார்,
கடன்காரரிடம் சொல்வது போல.

நிறுத்தத்தில் அவர்.
மதியம் ரொட்டியைப் பிட்டுத் தின்றேன்,
ஜன்னலுக்கு முதுகைக் காட்டி.

நாலரைக்குச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
தட்டினார்.
"இப்போது வாடை இருக்காது. கேளுங்கள்."
நனைந்த கம்பளி நாற்றம் மட்டும்.
அவர் கை வைத்ததும் மேசை ஆடியது.
எது குளிர், எது டாக்டரைக் கூப்பிட வேண்டிய நடுக்கம்
என்று பிரித்துச் சொல்வேன் நான்.
இது இரண்டும்.
டாக்டர் கார்மேலா பக்கத்து அறையிலிருந்து வருவதற்குள்
நான்காம் கேள்வியைக் கேட்டேன், சொல்லை மாற்றி:
இதற்கு முன் எப்போது?

"காலை ஏழு. மட்டித் தெப்பத்தில்.
ஐந்நூறு கயிற்றில் முதல் கயிற்றை இழுக்கும் முன்."

அதற்கடுத்த செவ்வாய் வரவில்லை.
அதற்கும் அடுத்தது, புயல்,
ஒரு படகும் துறையை விட்டு நகரவில்லை, அவரும் வரவில்லை.
மூன்றாவது வாரம் வந்தார், கையில் ஒரு பை மட்டியோடு.
அன்பளிப்பு வாங்கக் கூடாதென்று
அதற்கும் ஒரு விதி இருக்கிறது.
எழுந்து போய் வாங்கினேன்.
வாங்கும்போது என் தலை கொஞ்சம் முன்னால் போனது.
கொஞ்சம்தான்.

"மோந்து பார்க்கிறீர்கள்" என்றார்.

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன்.

"பரவாயில்லை.
என் மகள் அந்தியாவும் அப்படித்தான்.
கட்டிக்கொள்ள ஓடி வருவாள்,
கைக்கு முன்னால் மூக்கு வந்துவிடும்."

எனக்கு ஒன்பது வயதில் வந்தது அந்த மூக்கு.

பாசி. உப்பு. வேறொன்றுமில்லை.
படிவத்தை எடுத்தேன்.
"பதினாறு நாள், எழுதுங்கள்."
இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும்.
நடுவில் போன ஐந்தை நான் கேட்கவில்லை,
அவரும் ஒளிக்கவில்லை.

"நேற்று ராத்திரி கோப்பையைக் கையில் பிடித்தபடி
கடை மூடுகிறவரை நின்றேன்.
குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.
அதற்கு உங்கள் தாளில் இடம் இருக்கிறதா?"

கட்டங்களைப் பார்த்தேன். இல்லை.
ஓரத்தில், தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு,
பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினேன்.
மட்டிப் பை
மேசை மேல் சொட்டிக்கொண்டிருந்தது.